வாசலில் நிற்கும் தாய்

(வடசென்னைத் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோட்டையைப் பற்றிப் பேசுவேன், கொள்கைப் பகைவரைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பதோ ஒரு வாசற்படி. ஆம், ஓர் அங்கன்வாடியின் வாசற்படி! நம் தெருக்களிலே இன்னமும் 'பால்வாடி' என்று பழைய பெயரிட்டு அழைக்கிறோமே, அந்தச் சின்னஞ்சிறு கட்டடத்தின் வாசற்படி!

'பால்மணம் மாறாப் பாலகர்கள் பாடி ஆடும் இடத்திலே அரசியலுக்கு என்ன வேலை?' என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், கேள்வி கேட்டு வளர்ந்தவர்களன்றோ நாம்! விடை கூறுகிறேன்.

விடியுமுன் விழித்துக்கொள்ளும் ஊர் இது. கதிரவன் கடலைவிட்டு எழுமுன்னே காசிமேட்டிலே மீன் ஏலக் குரல் எழுந்துவிடும். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலே கடலோரச் சாலை நெடுகிலும் கன்டெய்னர் லாரிகள் அணிவகுத்து நிற்கும். இரவு வேலை முடித்து இமைகள் கனக்கத் திரும்புவான் தந்தை. கூடையை இடுப்பிலே இடுக்கிக்கொண்டு கிளம்புவாள் தாய். ஒரே சந்திலே எதிரெதிரே சந்தித்து, இரண்டு சொல் பேசிப் பிரிகின்ற வாழ்க்கை! இந்த இரண்டு பேருக்கும் இடையே, கிழிந்த பாயிலே கண்ணயர்ந்து கிடக்கிறது மூன்று வயதுக் குழந்தை.

அக்குழந்தையை எழுப்பி, முகம் கழுவி, தலை வாரி, மையத்துக்கு அழைத்துச் செல்பவர் யார்? ஆயா! பிற பகுதிகளிலே பாட்டி என்பர், அப்பத்தா என்பர், அம்மாச்சி என்பர். சென்னையின் சந்துகளிலே நாம் ஆயா என்போம். அந்த ஆயா கையைப் பிடித்து அழைத்துச் சென்ற குழந்தையை, மையத்திலே கையேந்தி வாங்கிக்கொள்பவர் யார்? அவரும் ஆயா! சமைத்துப் பரிமாறும் உதவியாளருக்கு நாம் இட்ட பெயரும் அதுவே. வீட்டிலே ஓர் ஆயா, மையத்திலே ஓர் ஆயா. குழந்தைக்கு இரண்டும் உறவு, இரண்டும் உரிமை. குழந்தை அறிந்த இந்த உறவைப் பெரியவர்கள் நாம் அறிந்திருக்கிறோமா என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன். மீதிப் பாடத்தை நாடகக் கொட்டகையிலே படித்தவன். அங்கே கற்ற ஒன்றை இங்கே சொல்கிறேன். திரை விலகியதும், ஒருவரும் வாய் திறவாமுன்பே, மேடையிலே யார் ஆண்டான், யார் அடிமை என்பதைப் பார்ப்போர் கண்டுகொள்வர். எதைக் கொண்டு? யார் அமர்ந்திருக்கிறார், யார் நின்றுகொண்டிருக்கிறார் என்பதைக் கொண்டு!

இப்போது அங்கன்வாடியை மேடையாக எண்ணிப் பாருங்கள். நாற்காலியிலே ஆசிரியை, வாசற்படிக்கு வெளியே தாய். செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தன் பிள்ளையைப் பற்றிக் கேட்கவும் தயங்கி நிற்கிறாள். சற்று நேரத்திலே வாசலிலே ஜீப் வந்து நிற்கிறது, மேலதிகாரி வருகிறார். இப்போது நாற்காலியிலே அதிகாரி, நிற்பவர் ஆசிரியை! மறுநாள், துண்டு போட்ட உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர், பின்னே நால்வர் தொடர வருகிறார். இப்போது நிற்பவர்கள் அதிகாரி, ஆசிரியை, ஆயா, அத்தனை பேரும்! நிற்கும் ஆள் மாறுகிறது. நிற்கவைக்கும் வழக்கம் மட்டும் மாறக் காணோம்.

1925இல் தோன்றிய ஓர் இயக்கம், 'சுயமரியாதை' என்ற சொல்லையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டது. ஒரு மனிதன் முன் இன்னொரு மனிதன் கூனி நிற்கலாகாது என்பதற்காக எழுந்தது அது. அந்த மண்ணிலே, தன் பிள்ளை படிக்கும் இடத்தின் வாசலிலே ஒரு தாய் கூனி நிற்பாளானால், அது அரசியல் அல்லாமல் வேறென்ன?

வாசலிலே நிற்கும் அந்தத் தாய் பிச்சை கேட்க வந்தவளா? வரலாற்றைக் கேளுங்கள்.

1920இல், மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் முயற்சியால், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு அளிக்கப்பட்டது. நம் வண்ணாரப்பேட்டையிலே கல்லூரியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1956இல் காமராசர் ஆட்சியிலே மதிய உணவு தமிழகத்துப் பள்ளிகளுக்குப் பரவிற்று. 1975 அக்டோபர் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் இந்தியா முழுமைக்கும் சேர்த்து வெறும் 33 வட்டாரங்களிலே தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியின் சத்துணவு, பள்ளி வயதை எட்டாத இரண்டு வயதுக் குழந்தையின் தட்டுக்கும் வந்தது. 1989இல் கலைஞர் ஆட்சியிலே அந்தத் தட்டில் முட்டை சேர்ந்தது. புகழைப் பங்கு பிரிக்க நான் வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஒவ்வொரு படியும் மக்கள் வாக்கால் எழுந்த படி, ஒவ்வொரு பருக்கையும் மக்கள் வரியால் வெந்த பருக்கை.

பின்னர்ச் சட்டமும் வந்தது. 2006 டிசம்பர் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் வாழ்ந்தும் மையம் இல்லாத குடியிருப்பு, மையம் வேண்டுமெனக் கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தரவேண்டும்! 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதக் குழந்தை முதல் ஆறு வயதுக் குழந்தை வரைக்கும் அங்கன்வாடி வழியே இலவச உணவு பெறுவதை உரிமை ஆக்கியது. தமிழகத்திலே ஏறத்தாழ 54,000 மையங்கள் இருக்கின்றன. ஆகவே தோழர்களே, வாசலில் நிற்கும் தாய் வந்திருப்பது தனக்குரியதைப் பெற! உரிமையைப் பெற வந்தவளை இரப்பவளைப் போல் நடத்துவது, சட்டத்தைக் காகிதமாக்கும் செயலாகும்.

மரியாதை என்பது எங்கே கெடுகிறது? பெரிய கொடுமைகளிலே அல்ல. அன்றாடம் பேசும் சின்னச் சொற்களிலே. மூன்று காட்சிகள் காட்டுகிறேன்.

முதற்காட்சி. தாய் தாமதமாக வருகிறாள்.

"என்னம்மா இது, தெனைக்கும் இதே நேரமா? புள்ளைய பெத்தா மட்டும் போதுமா?"

"இல்ல டீச்சர்... ஏலம் முடிய நேரமாயிடுச்சி..."

"ஆளுக்கொரு காரணம் வச்சிருக்கீங்க!"

தாயின் தலை தாழ்கிறது. அந்தத் தாழ்ந்த தலையை, கீழே நின்று நிமிர்ந்து பார்க்கிறது குழந்தை. எழுத்தைப் படிக்கத் தெரியாத வயதுதான்; முகத்தைப் படிக்கத் தெரிந்த வயது! 'என் அம்மா தாழ்ந்தவள்' என்ற முதற்பாடம் அங்கே நடந்து முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பாடும் பாட்டெல்லாம் அதற்குப் பின்தான்.

அதே காட்சியை வேறு விதமாய் எழுதுகிறேன்.

"வாங்கக்கா. இன்னிக்கி ஏலம் லேட்டா? புள்ள சாப்ட்டாளா?"

"இல்ல டீச்சர், அப்டியே தூக்கினு வந்துட்டேன்."

"சரி, நாங்க பாத்துக்கறோம். நாளைக்கி ஏலத்துக்குப் போனா ஆயாகிட்ட குடுத்தனுப்புங்க. காலையில பாட்டு நேரத்துல அவ இருந்தா நல்லா பாடுவா."

காலத்தோடு வரவேண்டும் என்ற கட்டுப்பாட்டை இந்த ஆசிரியை தளர்த்தினாளா? இல்லை! சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டாள். வசவுக்குப் பதில் வழி சொன்னாள். மேலும், பிள்ளையிடம் உள்ள நல்லதொன்றைத் தாயின் மடியிலே போட்டு அனுப்பினாள். நாளை அந்தத் தாய் ஓடி வருவாள்!

இரண்டாம் காட்சி. "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்கிறார் ஆசிரியை. "நாஷ்டா துன்னேன்" என்கிறது குழந்தை. "சீ! துன்னேனாம், நாஷ்டாவாம்! வீட்டில் இப்படித்தான் பேசுவார்களா?" என்கிறார். 'நாஷ்டா' என்பது என்ன? உருது பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் தமிழரோடு தோளோடு தோள் நின்று மூட்டை சுமந்த துறைமுகத் தெருக்கள், ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றுக்கொண்ட சொல்! 'துன்னேன்' என்பது 'தின்றேன்' என்னும் தமிழ்ச் சொல்லின் தெருப்பிள்ளை. அதை ஏளனம் செய்தால், ஏளனம் ஏறுவது குழந்தை மேலா? குழந்தைக்கு அச்சொல்லை ஊட்டிய தாயின் மேல் அல்லவா! "அப்படியா! நாஷ்டா சாப்பிட்டாயா? என்ன நாஷ்டா, இட்லியா?" என்று கேட்டுப் பாருங்கள். 'சாப்பிட்டேன்' என்ற செந்தமிழும் அதன் நாவிலே வந்தமரும். வீட்டுச் சொல்லுக்கும் மானம் மிஞ்சும்.

1938இலும் 1965இலும் மொழித்திணிப்பை எதிர்த்து நின்ற மண் இது. தாய்மொழி என்பது தாயின் மொழி என்று உலகுக்கு உரைத்தவர்கள் நாம். அந்த நாம், எண்ணூரிலும் மணலியிலும் வேலை தேடி வந்து தங்கியுள்ள ஒடியா மொழிக் குடும்பத்தின் குழந்தையை, இந்தி பேசும் பீகார்க் கூலித் தொழிலாளியின் குழந்தையை, எப்படி வரவேற்கிறோம்? திணிப்பை எதிர்ப்பது வேறு. தாயைப் பழிப்பது வேறு. அக்குழந்தைக்குத் தமிழ் கற்பிப்போம், அன்போடு கற்பிப்போம்! அதன் வீட்டு மொழியிலே 'தண்ணீர்' என்பதற்கும் 'அம்மா' என்பதற்கும் என்ன சொல் என்று நாமும் கற்போம். அப்போது அதன் தாய் வாசலைத் தாண்டி உள்ளே வருவாள்.

மூன்றாம் காட்சி. எடை பார்க்கும் நாள். குழந்தையின் எடை, வளர்ச்சி அட்டையிலே பச்சைப் பகுதியை விட்டுக் கீழே இறங்கியிருக்கிறது. பத்துத் தாய்மார் சூழ்ந்திருக்க, "என்னதான் போடறே புள்ளைக்கு?" என்ற கேள்வி வருகிறது. என்ன போடுவாள்? ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. அந்த 61 நாளிலே வலையும் உலர்கிறது, உலையும் உலர்கிறது. எடை இறங்கியதற்குக் காரணம் தாயின் அசட்டையா, அடுப்பின் வறட்சியா? அதை அறியாமல் அட்டையை மட்டும் படிப்பது அரைப் படிப்பு. தனியே அழைத்து, பக்கத்திலே அமர்த்தி, "வீட்டில் நிலைமை எப்படியக்கா?" என்று கேட்டால், மருந்துக்கும் வழி பிறக்கும், மனத்துக்கும் வழி பிறக்கும்.

பசி மட்டுமா? நம் பகுதியின் காற்றும் நீரும் கூட அந்தக் குழந்தையின் வரலாற்றிலே இடம்பெற்றவை. 2023 டிசம்பரிலே புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்திலே படர்ந்தது. படகும் வலையும் கருகியது போலாயின. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவிலே பெரியகுப்பத்தருகே அமோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டு மக்கள் இருட்டிலே ஓடினர். அப்படியோர் இரவுக்குப் பின் மையத்துக்கு வரும் குழந்தை, கதவு சாத்தினால் அலறும். படுக்கவைத்தால் எழுந்து உட்காரும். 'அடம் பிடிக்கிற பிள்ளை' என்று அதற்குப் பெயர் சூட்டிவிடலாம். ஆனால் அந்த இரவைப் பற்றித் தாய் சொல்ல, ஆசிரியை கேட்டிருந்தால், அது அடம் அல்ல, அச்சம் என்று அறிந்திருப்பார். குழந்தையைப் பற்றிய அறிவிலே பாதி ஆசிரியையிடம் இருக்கிறது. மறுபாதி வீட்டிலே இருக்கிறது. இரண்டும் சேராவிட்டால் குழந்தை இரண்டாகப் பிளந்து கிடக்கும்.

இவ்வளவும் சொன்னதால், குற்றவாளிக் கூண்டிலே ஆசிரியையை ஏற்றுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள்! அவளும் நம் தெருப் பெண். அவளுடைய வழக்கையும் கேளுங்கள்.

ஊட்டம், முன்பருவக் கல்வி, நலக்கல்வி, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரை என ஆறு பணிகளை அவள் தலையிலே ஏற்றியிருக்கிறது திட்டம். ஆறும் போதாவென்று கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல் வேலை. 2021இல் 'போஷன் டிராக்கர்' என்னும் செயலி வந்தது. 2025 ஜூலை முதல், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஊட்டப்பொருளுக்கும் முகத்தைப் படம்பிடித்துச் சரிபார்க்கவேண்டும் என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. கைப்பேசி முகத்தை ஏற்க மறுக்கிறது. அலைவரிசை அறுந்து போகிறது. கைக்குழந்தையோடு நிற்கும் தாய் சலித்துக்கொள்கிறாள். யார் மேல்? தில்லியில் இருப்போர் மேலா? எதிரே நிற்கும் ஆசிரியை மேல்! நாள்தோறும் பார்த்துப் பழகிய முகத்தை, 'நீ நீதானா?' என்று இயந்திரத்தைக் கொண்டு கேட்கும்படி அவளுக்கு ஆணை! இருவருக்கும் நடுவே யாரோ வைத்த முள்ளுக்கு, இருவரும் ஒருவரையொருவர் நோகின்றனர்.

ஊதியம்? 'மதிப்பூதியம்' என்று அதற்குப் பெயர்! 2018 அக்டோபர் முதல் ஒன்றிய அரசு தன் கணக்கிலே நிர்ணயித்த தொகை, பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250 ரூபாய். தமிழகம் தன் பங்கைச் சேர்த்துச் சிறப்புக் காலமுறை ஊதியம் தருகிறது என்பதிலே நாம் சற்று நிமிரலாம். எனினும், இவர்கள் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்று சொல்லவே 2022 ஏப்ரல் 25ஆம் நாள் வரைக்கும் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது! பெயரிலே மதிப்பு, பையிலே இல்லை. அப்படிப்பட்டவளிடம் போய், குடித்துவிட்டுக் கூச்சலிடும் தந்தை உண்டு; 'சோறு பொங்கறவதானே நீ' என்று ஆயாவை எடுத்தெறிந்து பேசும் அண்டை வீட்டார் உண்டு. மரியாதை ஒருவழிப் பாதையன்று. மதிக்கப்படாதவள் எப்படி மதிப்பாள்? நின்றே பழகியவளுக்கு நாற்காலி கிடைத்தால், அடுத்தவரை நிற்கவைக்கத்தான் தோன்றும். அந்தச் சங்கிலியை அறுப்பதே நம் வேலை.

அறுக்க முடியுமா? முடிந்திருக்கிறது!

1907 சனவரி 6ஆம் நாள், உரோம் நகரத்தின் ஏழைத் தொழிலாளர் வாழும் சான் லொரென்சோ பகுதியிலே, மரியா மாண்டிசோரி தம் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் திறந்தார். பள்ளி வேறெங்கோ இல்லை, குடியிருப்புக் கட்டடத்துக்குள்ளேயே! பொறுப்பாசிரியையும் அங்கேயே வாழ்ந்தார். வாரம் ஒரு முறையேனும் தாய் வந்து ஆசிரியையோடு கலந்து பேசவேண்டும் என்று விதி. ஆசிரியைக்குத் தாய் மரியாதை காட்டவேண்டும், தவறினால் குழந்தைக்கு இடமில்லை என்றும் ஒரு விதி! கலந்து பேசும் விதியைக் கைதட்டி வரவேற்போம். ஆனால் தாய்க்கு ஆசிரியை காட்டவேண்டிய மரியாதைக்கு அந்தப் பட்டியலிலே தண்டனை எதுவும் இல்லை என்பதையும் பார்க்கும் கண் நமக்கு வேண்டும். அதே மாண்டிசோரி அம்மையார்தான் 1939இல் நம் சென்னைக்கு வந்து, அடையாற்றிலே ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர்.

மகாராட்டிரத்திலே தாராபாய் மோடக் என்றொரு பெண்மணி. 1945இல் போர்டி என்னும் கடலோரச் சிற்றூரிலே குழந்தைக் கல்வியைத் தொடங்கினார். பின்னர் அனுதாய் வாக் துணையோடு கோஸ்பாடிலே வளர்த்தார். ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளும் பழங்குடிப் பிள்ளைகளும் பள்ளியைத் தேடி வரவில்லை. 'வராத பிள்ளை' என்று அவர் பழிக்கவில்லை. பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்கு எடுத்துச் சென்றார்! 'அங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயருக்குள்ளேயே, 'நீ என் வாசலுக்கு வா' என்ற அதட்டல் இல்லை. 'நான் உன் முற்றத்துக்கு வருகிறேன்' என்ற அன்பு இருக்கிறது. பெயரை வைத்துக்கொண்டோம்; பொருளை எங்கே வைத்தோம்?

அமெரிக்காவிலே மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரிலே, 1962இல் ஓர் ஆய்வு தொடங்கிற்று. ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் 123 பேர். அவர்களிலே 58 பேருக்கு நல்லதொரு முன்பருவப் பள்ளி. அந்த ஆசிரியர்கள் வகுப்போடு நிற்கவில்லை. வாரந்தோறும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் சென்று ஒன்றரை மணி நேரம் தாயோடு அமர்ந்தனர். நாற்பது வயது வரை அக்குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, பள்ளி பெற்றவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தனர், குறைவாகவே கைதாயினர். எல்லாப் பெருமையும் வீட்டுக்குச் சென்றதற்கே உரியதென்று நான் கூறமாட்டேன். ஆனால் வீட்டை விட்டுவிட்டு அந்த வெற்றி வரவில்லை.

இத்தாலியிலே ரெஜ்ஜோ எமிலியா நகரத்துக்கு அருகே வில்லா செல்லா என்றொரு சிற்றூர். 1945 ஏப்ரலிலே பாசிசம் வீழ்ந்தது. செர்மானியப் படை ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விட்டுவிட்டு ஓடிற்று. ஊர்மக்கள் அவற்றை விற்றார்கள். விற்ற பணத்தை என்ன செய்வது? கோயில் எழுப்பவில்லை, கொட்டகை எழுப்பவில்லை. 'குழந்தைகளுக்குப் பள்ளி' என்றனர்! இடிந்த வீடுகளின் செங்கற்களைப் பொறுக்கிக் கழுவி, தாயும் தந்தையும் தம் கையாலே சுவரெழுப்பினர். செய்தி கேட்டு மிதிவண்டியிலே பார்க்க வந்த இளம் ஆசிரியர் லோரிஸ் மாலகுஸ்ஸி, அவர்களோடு சேர்ந்துகொண்டார். 1963இல் நகராட்சியே அவ்வழியிலே குழந்தைப் பள்ளிகளைத் தொடங்கிற்று. பெற்றோர் அங்கே வாசலில் நிற்பவர்கள் அல்லர்; குழுவிலே அமர்ந்து முடிவெடுப்பவர்கள். உலகமே இன்று சென்று பார்த்துக் கற்கும் பள்ளிகள் அவை. டாங்கியை விற்றுத் தொட்டிலை வாங்கிய ஊர், தோழர்களே!

கடல் கடந்து போவானேன்? 1980இல் நம் தமிழகத்துச் சிற்றூர்களிலே தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தைப் பாருங்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தனர். எடை ஏறாத குழந்தைக்கு 90 நாள் கூடுதல் உணவு அளித்தனர். காரணத்தைத் தாய்க்கு விளக்கினர். பணியாளரைத் தேர்ந்தெடுத்த முறையிலேதான் சூட்சுமம் இருந்தது: அதே ஊர்க்காரியாக இருக்கவேண்டும், ஏழ்மையிலும் தன் பிள்ளைகளை நலமாக வளர்த்தவளாக இருந்தால் சிறப்பு. 'என்னைப் போன்றவள்தான், என் வறுமையைத் தானும் கண்டவள்தான்' என்று தாய் நம்பும்படியான ஒருத்தி! ஊரிலே பெண்கள் குழுக்கள் அமைந்தன. சத்துருண்டை செய்வதிலும் அவர்கள் கை இருந்தது. தங்கள் கையால் உருட்டியதைத் தங்கள் பிள்ளைக்கு ஊட்டினர். கடும் ஊட்டக்குறைவு அப்பகுதிகளிலே கணிசமாகக் குறைந்ததென்று பிற்காலத்து மதிப்பீடுகள் பதிவு செய்தன. தராசும் அட்டையும் மட்டும் செய்த வேலையா அது? தராசுக்கு இருபுறமும் இரு பெண்கள் ஒருவரையொருவர் நம்பியதால் நடந்த வேலை!

இனி உங்களிடம் வருகிறேன். நாம் என்ன செய்வது?

முதலில், செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். தாய் ஒருத்தி குறை கூறினாள் என்றதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நால்வரைச் சேர்த்துக்கொண்டு, மையத்துக்குள் நுழைந்து ஆசிரியையை மிரட்டாதீர்கள்! நீங்கள் கத்திவிட்டு வந்துவிடுவீர்கள். அடுத்த நாள் அந்தத் தாயின் குழந்தைதானே அங்கே தனியே உட்கார வேண்டும்? முட்டையைக் கையிலே கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தை உண்ணும் முகம் நம் சுவரொட்டிக்கு உரியதன்று. வாக்காளர் பட்டியல் திருத்தத்தின்போது அதே ஆசிரியையைத் தேடி எத்தனை முறை நடந்திருக்கிறோம்! பட்டியல் வேலை முடிந்த மறுநாள், 'அக்கா, மையத்திலே தண்ணீர் வருகிறதா?' என்று கேட்க ஒரு முறையேனும் நடந்தோமா?

செய்யவேண்டியது இது. மாதத்தில் ஒரு நாள் பெற்றோர் கூடட்டும்; ஆனால் நேரத்தைப் பெற்றோரைக் கேட்டுக் குறிக்கவேண்டும். ஏலம் நடக்கும் வேளையிலும், ஆலைச் சங்கு ஊதும் வேளையிலும் கூட்டம் வைத்துவிட்டு, 'யாரும் வரவில்லை, அக்கறையில்லை' என்பது அநியாயம். தந்தைமாரையும் அழைத்து வாருங்கள். இரவு வேலை முடித்தவர் ஒரு மணி நேரம் விழித்திருந்தால் குடி முழுகிப்போகாது. குழந்தையைப் பற்றிய குறையைக் கூட்டத்திலே பேசக்கூடாது, நல்லதைக் கூட்டத்திலே பேசவேண்டும் என்பதை இரு தரப்புக்கும் வழக்கமாக்குங்கள். புதிதாக வந்த பிறமொழிக் குடும்பத்தை, மொழி தெரிந்த ஒருவரோடு நீங்களே அழைத்து வந்து அறிமுகப்படுத்துங்கள். கூரை ஒழுகினால், கழிவறை கெட்டால், முகப்பதிவு மறுத்து ஊட்டப்பொருள் தடைபட்டால், தாயும் ஆசிரியையும் ஒரே மனுவிலே கையெழுத்திடட்டும். ஒருவர் மேல் ஒருவர் மனுக் கொடுத்த காலம் போய், இருவரும் சேர்ந்து அதிகாரத்திடம் மனுக் கொடுக்கும் காலம் வரட்டும்! உங்கள் குப்பத்திலே, உங்கள் குடியிருப்பிலே 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லையா? எண்ணுங்கள், எழுதுங்கள், 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பை இணைத்துக் கொடுங்கள். கெஞ்சவேண்டாம், கேளுங்கள்!

1918இல், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த வடசென்னை ஆலைத் தொழிலாளர்களிடையேதான். கூலி மட்டுமா அன்று கேட்டார்கள்? 'மனிதனாக நடத்து' என்றும் கேட்டார்கள். ஆலை வாசலிலே பாட்டன் கேட்ட அந்த மரியாதையை, அங்கன்வாடி வாசலிலே பேத்திக்கு நாம் வாங்கித் தரவேண்டும். மூன்று வயதிலே, தன் தாயும் தன் ஆசிரியையும் ஒருவரையொருவர் மதித்துப் பேசுவதைக் கண்டு வளரும் குழந்தை, முப்பது வயதிலே எவன் முன்பும் கூனி நிற்காது. அந்தக் குழந்தைக்குச் சுயமரியாதையைப் பற்றி நாம் மேடை போட்டுப் பேசவேண்டிய தேவையே இராது!

ஆகவே தோழர்களே, நாளைக் காலை உங்கள் தெரு மையத்துக்குப் போங்கள். கொடி வேண்டாம், துண்டு வேண்டாம், தொடர நால்வர் வேண்டாம். கையிலே ஒரு பாய் கொண்டுபோங்கள். அதை விரியுங்கள். தாயை உட்காரச் சொல்லுங்கள். ஆசிரியையை உட்காரச் சொல்லுங்கள். ஆயாவை அடுப்படியிலிருந்து அழைத்து உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் பேசட்டும். நீங்கள் வெளியே நின்று செருப்புகளுக்குக் காவல் இருங்கள்!